இடப்பக்கம் இல்லாத கப்பல்

அண்ணை சிரித்தார். எனக்கு முதலில் பயம் வந்தது அந்தச் சிரிப்பில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அது. ஸ்டுட்கார்ட்டில் அண்ணை வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். வெளியே நல்ல வெயில். எதிர்வீட்டுக் கிழவர் பால்கனிப் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மேசையில் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, மீன் பொரியல். மீன் பொரித்த மணம் அயலுக்குப் போகக்கூடாதென்று யன்னல்களை எல்லாம் சாத்தி வைத்திருந்தார்கள்.

அண்ணையின் இடப்பக்கத்தில் மச்சாள் இருந்தார். மச்சாள் என்றால் அண்ணையின் மனைவி வசந்தா. எங்கள் வீட்டில் அண்ணி என்று கூப்பிட்டுப் பழக்கமில்லை. நான் அண்ணைக்கு எதிரே இருந்தேன். அவருடைய வலப்பக்கக் கதிரை காலி.

"இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டோ?" என்று மச்சாள் கேட்டார்.

அண்ணை வலப்பக்கம் திரும்பினார். அந்தக் கதிரையில் ஒருவர் இருந்தால் முகம் எந்த உயரத்தில் இருக்குமோ, சரியாக அந்த உயரத்தைப் பார்த்தார்.

"காணும், காணும்" என்றார். பிறகுதான் சிரித்தார். நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

நான் கதிரையைப் பார்த்தேன். மச்சாளைப் பார்த்தேன். "பாத்தீரோ?" என்று மச்சாளின் கண் கேட்டது. அவருடைய கையில் குழம்புக் கரண்டி அப்படியே அந்தரத்தில் நின்றது. அண்ணை ஒன்றும் நடக்காதவர் போலக் குனிந்து சாப்பிட்டார். சாப்பாட்டுக் கோப்பையின் வலப்பாதிச் சோறு முடிந்திருந்தது. இடப்பாதிச் சோறு, வைத்தது வைத்தபடியே இருந்தது.

போன கிழமை இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, "அக்கா, பேய் பிசாசு நம்பாத ஆள் போல எழுதுறீங்கள்" என்று ஒரு வாசகத் தங்கை தொலைபேசியில் சீண்டினாள். நம்பாத ஆள்தான். ஆனால் அன்றைக்கு அந்த மேசையில் இருந்த அரைமணி நேரம் நான் எதை நம்பினேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஏன் கப்பல்?

அண்ணை தவராசா தொழிற்சாலையில் அச்சுக் கருவிகள் செய்தவர். ஓய்வு பெற்றதும் நம்மவர்கள் பலர் போலக் கோயில் நிர்வாகத்தில் சேர்ந்து சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிலவறைக்குப் போய், மகள் துவாரகாவின் பழைய விளையாட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்.

பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள் தெரியும்தானே, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் 'டிக்' என்று இறுகுமே, அவைதான். ஜெர்மன்காரர் இதைக் கல் என்பார்கள். அறுபது தாண்டிய மனிதர்கள் இந்தக் கல்லில் தேவாலயமும் ரயில்நிலையமும் கட்டி, மண்டபம் எடுத்துக் கண்காட்சி வைப்பார்கள். அண்ணை அப்படி ஒரு கழகத்தில் போய்ச் சேர்ந்தார். கழகத்தில் ஒரே கறுத்த தலை அவருடையதுதான், அதுவும் மை பூசியது.

"ஏன் அண்ணை கப்பல்?" என்று கேட்டேன். எங்கள் குடும்பத்தில் கப்பலில் கால் வைத்தவர் எவரும் இல்லை. அண்ணைக்குப் போடன்ஸே ஏரியில் படகில் போனாலே தலை சுற்றும்.

"வீடு கட்டினால் வாறவன் போறவன் எல்லாம் குசினி சின்னன், வாசல் பிழை எண்டு குறை சொல்லுவான். கப்பலெண்டால் எங்கட சனத்துக்கு ஒண்டும் தெரியாது" என்றார்.

ஒரு குளிர்காலத்தின் முதல் பாதி முழுக்கக் கணினிக்கு முன்னால் இருந்து வரைந்தார். வெள்ளை நிறத்தில் ஒரு பயணிகள் கப்பல். கட்டிலைவிட நீளம். சதுரக் கட்டையால் வளைவு எப்படி வரும் என்று கேட்டால் ஒரு மணித்தியாலம் பாடம் எடுப்பார். கட்டைகளைப் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். முனை சரிவாக வெட்டிய துண்டுகளை அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். அந்தச் சரிவுத் துண்டுகள் செருப்பு மாதிரி, இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என்று தனித்தனியாகத்தான் வரும். மாற்றிப் போட முடியாது.

எனக்கு இது உடனே விளங்கியது. நான் பல் செய்யும் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இடப்பக்கக் கடைவாய்ப் பல்லை வலப்பக்கம் வைத்தால் மனிதன் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான்.

ஆனால் வரைவதில் ஒரு சுகம் இருக்கிறது. கப்பலின் ஒரு பாதியை வரைந்தால் போதும். ஒரு பொத்தானை அழுத்தினால் கண்ணாடியில் தெரிவதுபோல மறுபாதி தானாக வந்துவிடும். அண்ணை அதை எனக்குக் காட்டும்போது அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "பார் மதி, கேக்காமலே மற்றப் பக்கம் வருது!"

பனி உருகும் முன் அடித்தண்டும் இருபக்க விலா எலும்புகளும் கட்டி, மரத் தாங்கியில் ஏற்றியாகிவிட்டது. இனி மேல்தோல் போட வேண்டியதுதான் பாக்கி. அதன் பிறகு நான் சில மாதங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. ஆய்வுகூடத்தில் ஆள் குறைவு, வேலை கழுத்துமட்டும் இருந்தது. ஒருநாள் மச்சாள் அழைத்து, "மதி, நீர் ஒருக்கா வாரும்" என்றார். வேறு ஒரு சொல்லும் இல்லை. அப்படிப் போன ஞாயிறுதான் நான் மேலே சொன்னது.

நான் செத்த ஆள்

சாப்பிட்டு முடிந்ததும் அண்ணை கப்பல் அறைக்குப் போய்விட்டார். மச்சாள் குசினிக் கதவைச் சாத்தினார்.

"இவர் என்னோட கதைக்கிறேல்லை. வேற ஆரோடயோ கதைக்கிறார்."

"என்ன மச்சாள் விசர்க்கதை?"

"நீர் இப்பதானே பாத்தனீர்? நான் கேக்கிறன், அவர் அந்தக் கதிரைக்கு மறுமொழி சொல்லுறார். சோபாவில பக்கத்திலதான் இருக்கிறன். திடீரெண்டு சத்தமாக் கூப்பிடுறார், வசந்தா எங்க போட்டீர் எண்டு. எனக்கு நெஞ்சு பதறுது."

கோயில் ஐயரிடம் போய் நூல் மந்திரித்துக் கட்டியிருக்கிறார். கப்பல் அறைக் கதவில் திருநீறு பூசியிருக்கிறார். ஒன்றும் பலிக்கவில்லை.

"காருக்குள்ள ஏறினா மட்டும் பழைய மனுசன், மதி. பகிடி விடுறார், பாட்டுப் பாடுறார். வீட்டுக் கதவைத் திறந்து உள்ள வந்தா நான் செத்த ஆள்."

இதைச் சொல்லும்போது மச்சாள் அழவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கையைத் துடைத்துவிட்டு என்னை நடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெளிவாசலுக்குப் போகும்போது இடக்கைப் பக்கம், உள்ளே வருபவர்களுக்குச் செருப்பு அலுமாரி மறைக்கும் இடத்தில், சுவரோடு ஒரு பெரிய சூட்கேஸ் நின்றது.

"லைப்சிக்குக்குப் போறன். துவாரகாவோட இருக்கப்போறன். வாற வெள்ளிக்கிழமை ரயில். இந்தப் பெட்டி இதில எத்தினை நாளா நிக்குது தெரியுமோ? அவர் தினமும் இதைக் கடந்துதான் வெளியில போறார். எங்க போறீர் எண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

"நீங்கள் சொன்னால் என்ன?"

"நான் ஏன் சொல்ல? அவர் கேக்கட்டும். ஒருக்காக் கேட்டாரெண்டால் நான் போகமாட்டன்."

இத்தனை வருடம் குடும்பம் நடத்திவிட்டு, பேரப்பிள்ளை பார்க்கும் வயதில் ஒரு பெண் பெட்டி கட்டினால் எங்கள் சனம் என்ன கதைக்கும் என்று மச்சாளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கட்டியிருந்தார்.

இடப்பக்கத்தின் மகத்துவம்

இந்த இடத்தில் அவர்களுடைய கலியாணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதுவும் ஸ்டுட்கார்ட்டில்தான், ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. மணவறைக்குப் பின்னால் கூடைப்பந்து வளையம் தொங்கியது. தாலி கட்டும்வரை மணமகள் மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் இருப்பாள், கட்டியபின் இடப்பக்கம் மாறி இருக்க வேண்டும் என்பது முறை. மச்சாள் பதற்றத்தில் மாற மறந்துவிட்டார். ஐயர் ஒலிபெருக்கியிலேயே, "பிள்ளை, இடப்பக்கம் வாரும்! இனி உம்முடைய இடம் அதுதான்!" என்றார். மண்டபமே சிரித்தது.

மச்சாள் அதை மனதில் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து சோபாவில், கட்டிலில், கோயிலில், படம் எடுக்கும்போது, சாப்பாட்டு மேசையில் என்று எங்கேயும் அண்ணையின் இடப்பக்கம்தான். வேறு யாராவது அந்தக் கதிரையில் இருந்தால் வந்து பக்கத்தில் நிற்பார், அவர்கள் எழும்பும்வரை. நாங்கள் கேலி செய்வோம். கார் ஒன்றுதான் விதிவிலக்கு. இந்த நாட்டுக் காரில் ஓட்டுபவர் இடப்பக்கம் இருப்பதால் மச்சாள் வலப்பக்கம் இருந்துதான் ஆகவேண்டும்.

கப்பல் அறை

நான் கப்பல் அறைக் கதவைத் திறந்தேன். 

கதவிலிருந்து பார்த்தால் கப்பலின் வலப்பக்கம் முழுக்கத் தெரியும். வெள்ளை மேல்தோல் ஒரு சிறு இடைவெளி இல்லாமல் வளைந்து ஓடியது. வட்ட யன்னல்கள், உயிர்காப்புப் படகுகள், மேல்தட்டில் சின்னச் சின்னப் பயணிகள். ஒருவர் விடாமல் எல்லோரும் இந்தப் பக்கக் கைப்பிடியோரம் நெருக்கியடித்து நின்று, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதையோ கண்டு பயந்து இந்தப் பக்கம் ஓடிவந்தவர்கள் மாதிரி.

அண்ணை கப்பலின் பின்முனையில் நின்றார். வெளிச்சத்தில் அப்போதுதான் கவனித்தேன். வலக்கன்னம் மழமழவென்று வழித்திருந்தது. இடக்கன்னத்தில் நரைமயிர் பல நாள் வளர்த்தி.

"கப்பல் முடிஞ்சுதோ அண்ணை?"

"எங்க முடியிறது? இடப்பக்கச் சரிவுத் துண்டு ஒண்டுமே வரேல்லை. திருப்பித் திருப்பி ஓடர் பண்ணுறன். அனுப்பிப் போட்டம் எண்டுறாங்கள். கள்ளர்."

பிறகு என்னைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். என் அண்ணையை அப்படி ஒரு முகத்தோடு நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"மதி, உன்னட்டை ஒண்டு சொல்லவேணும். வசந்தாவுக்கு என்னவோ நடந்திட்டுது."

"என்ன?"

"திடீரெண்டு வாறாள். திடீரெண்டு இல்லாமல் போறாள். கண்ணுக்கு முன்னால நிண்டு கதைச்சுக்கொண்டிருப்பாள், ஒரு அடி அங்கால வைச்சா ஆளில்லை. குரல் மட்டும் கேக்குது. குரல் வாற பக்கம் திரும்பிப் பாத்தா அங்க ஒருத்தரும் இல்லை." அவருடைய வலக்கை கப்பலின் பின்முனையைப் பிடித்திருந்தது. "அவள் பயப்பிடக்கூடாதெண்டு நான் அந்தப் பக்கத்தைப் பாத்துச் சிரிக்கிறன். மறுமொழி சொல்லுறன். உயிரோடதான் இருக்கிறாளோ எண்டுகூடச் சில நேரம்..."

  குசினியில் மச்சாள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. ஒரே வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் ஆவி என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேர் சீவித்திருக்கிறார்கள்.

எனக்குக் காற்று வேண்டும் போல இருந்தது. யன்னலைத் திறப்பதற்காகக் கப்பலின் முன்முனையைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன்.

அந்தப் பக்கம் கப்பல் இல்லை.

விலா எலும்புகள்தான் இருந்தன. மேல்தோல் முன்முனையின் நடுக்கோட்டில் நேராக, கத்தியால் வெட்டியது போல நின்றுவிட்டது. உள்ளே அறைகள், படிகள், ஒரு சாப்பாட்டு மண்டபம், எல்லாம் பாதி. பாதி மேசைகள். மேல்தட்டில் இந்தப் பக்கம் ஒரு பயணிகூட இல்லை. பனிக்காலத்தில் கட்டி வைத்த எலும்புகளில் தூசி படிந்திருந்தது.

யன்னலுக்குக் கீழே, சூடேற்றியின் ஓரம், தபால் பொதிகள் குவிந்து கிடந்தன. சில உடைக்காதவை. உடைத்த ஒன்றைக் குனிந்து பார்த்தேன். வெள்ளை, சரிவுத் துண்டுகள், எல்லாம் இடப்பக்கத்துக்குரியவை. கள்ளர் எல்லோரும் ஒழுங்காக அனுப்பித்தான் இருந்தார்கள்.

அண்ணை பின்முனையில் நின்று முன்னோக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய இடப்பக்கத்தில் நின்றேன்.

"அண்ணை" என்றேன்.

அவர் வலப்பக்கம் திரும்பி, மூடியிருந்த கதவைப் பார்த்து, "மதி? எங்க போட்டாய்?" என்றார்.

பாதி வீடு

ஆய்வுகூடத்தில் நாள் முழுக்க இடது வலது பார்ப்பவள் நான். எல்லாம் ஒரே நொடியில் கோர்த்துக்கொண்டு வந்தது: வழிக்காத கன்னம், பாதிச் சோறு, கண்ணில் படாத பெட்டி, வலப்பக்கம் இருந்தால் மட்டும் உயிரோடு வரும் மனைவி. கார்ச் சாவியை முதலில் எடுத்து என் பையில் போட்டேன். காரின் இடப்பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியதையும் அந்தப் பக்கக் கீறல்களையும் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போதுதான் பார்த்தேன். இந்த மனிதர் இப்படி ஊரெல்லாம் ஓடித் திரிந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் மருத்துவர் படங்கள் எடுத்துப் பார்த்தார். மூளையின் வலப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைத்திருந்தது. புதிதல்ல, மாதங்கள் ஆகிவிட்டன. வசந்த காலத்தில் ஒருநாள் அண்ணைக்குத் தலையிடியும் வாந்தியும் வந்து, படுத்து எழும்பியிருக்கிறார். காய்ச்சல் என்று நினைத்து ரசம் வைத்துக் கொடுத்திருக்கிறார் மச்சாள். கை கால் இழுக்கவில்லை, பேச்சுக் குழறவில்லை. யாருக்குத் தெரியும்?

மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்து வீடு ஒன்று வரையச் சொன்னார். அண்ணை கவனமாக வரைந்தார். பாதிக் கூரை, பாதிக் கதவு, வலப்பக்கம் ஒரு யன்னல். "முடிஞ்சுது" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கண்ணில் பழுதில்லை. காதிலும் பழுதில்லை" என்று மருத்துவர் விளக்கினார். "இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கைவிட்டுவிட்டது. அங்கே அவருக்கு இருட்டாகத் தெரியும் என்று நினைக்காதீர்கள். இருட்டைக் கண்டால் ஏதோ குறைகிறது என்று தெரிந்துவிடும். அவருக்கு ஒன்றும் குறையவில்லை. அந்தப் பக்கத்துக் குரல்கூட வலப்பக்கமிருந்து வருவதாகத்தான் அவருக்குப் படும்."

நான் தமிழில் சொல்லச் சொல்ல மச்சாள் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப நான் வலப்பக்கம் மாறி இருந்தா, இவருக்கு என்னைத் தெரியுமோ?"

உடனே தெரியும் என்றார் மருத்துவர். அன்றாடம் இலகுவாகப் போக அதுதான் வழி. ஆனால் அவர் மீண்டு வரவேண்டுமானால் பிரியமானவர் யாராவது இடப்பக்கம் இருந்து, கூப்பிட்டு, அவர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். திரும்புவாரா என்று உறுதி சொல்ல முடியாது. நிறைய மாதம் போய்விட்டது.

நான் மாறி இருக்கச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். இவ்வளவு காலம் ஆவியாய் இருந்தது போதாதா?

"நான் எழும்பினா அந்தப் பக்கத்தில ஒருத்தரும் இருக்கமாட்டினம், மதி" என்றார் மச்சாள்.

கதிரையை எடுத்த பிறகு

வெள்ளிக்கிழமை ரயில் மச்சாள் இல்லாமல் போனது. அண்ணை சில வாரங்கள் மறுவாழ்வு நிலையத்தில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். கப்பலையே பயிற்சியாக வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள்.

 மச்சாள் இடப்பக்கம் இருந்து, "இஞ்சருங்கோ" என்று கூப்பிடுவார். அண்ணை வலப்பக்கம் திரும்பி, "என்ன வசந்தா?" என்று வெறுங்காற்றைப் பார்த்துச் சிரிப்பார். தனக்கு வரவேண்டிய சிரிப்பு வேறெங்கோ போவதை மச்சாள் பக்கத்திலிருந்து பார்ப்பார். பிறகு மறுபடியும், அதே குரலில், "இஞ்சருங்கோ."

வலப்பக்கத்துக் கதிரை மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டு போய் நிலவறையில் போட்டேன். அன்றைக்கும் அண்ணை அந்த இடத்தைப் பார்த்துத்தான் சிரித்தார். கதிரை இல்லாத இடத்தில், கதிரையில் இருப்பவருடைய முகத்தின் உயரத்தில்.

நோய் என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. சில நாள் அந்த வெற்றிடத்தைக் கடக்கும்போது, யாரையோ இடித்துவிடுவேன் என்பது போல என் உடம்பு தானாக ஒதுங்கியது.

இலையுதிர் காலத்தில் ஒரு பின்னேரம். நான் கப்பல் அறை வாசலில் தேநீரோடு நின்றேன். அண்ணை பின்முனையில் ஒரு முக்காலியில் இருந்தார். மச்சாள் அவருடைய இடப்பக்கம், பொதிகளை எல்லாம் உடைத்து மடியில் கொட்டி வைத்துக்கொண்டு, காலையிலிருந்தே அங்கேதான் இருந்தார். ஒரு வெள்ளைத் துண்டை நீட்டியபடி கூப்பிட்டார்.

"இஞ்சருங்கோ."

அண்ணை வலப்பக்கம் திரும்பினார். சிரிக்க வாயெடுத்தவர் சிரிக்கவில்லை. அங்கே மச்சாள் இல்லை என்பது முதல்முறையாக அவருக்குப் பட்டது போல, புருவம் சுருங்கியது. கழுத்து மெல்ல மெல்ல மறுபக்கம் வந்தது. கதவைக் கடந்து, கப்பலின் முன்முனையைக் கடந்து, அதற்கு மேல் போக முடியாமல் நின்றது. நெற்றியில் வேர்த்துவிட்டது. நான் வாய் திறக்கப் போனேன். மச்சாள் கண்ணாலே அடக்கினார்.

இன்னும் கொஞ்சம் திரும்பினார். முதலில் அந்த விலா எலும்புகளைக் கண்டார். பிறகு நீட்டிய கையை. பிறகு வளையலை. கடைசியில் முகத்தை. நெடுநேரம் பார்த்தார்.

"நீர் எப்ப வந்தனீர்?" என்றார்.

"இப்பதான்" என்றார் மச்சாள்.

"போகாதையும்."

மச்சாள் துண்டை அவருடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.